அடுத்த ஊரடங்கு வருமுன்: இசைக் கலைஞர் சங்கங்களுக்குக் கொல்கத்தாவிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் நாகசுரம், தவில், பறை, நையாண்டி மேளம், பேண்டு வாத்தியம், மெல்லிசைக் குழுக் கலைஞர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும்,

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழன் நான். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். கொரோனாக் காலத்தில் இந்த ஊர் வாத்தியக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் உங்களுக்கு எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். நோய் வந்த பிறகு சங்கத்தால் செய்யக்கூடியது கொஞ்சம். வருவதற்கு முன்பே செய்து வைத்திருக்க வேண்டியதுதான் அதிகம். 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது யார் பெயர் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருந்ததோ, அவர் வீட்டுக்கு ஏதோ கொஞ்சம் போய்ச் சேர்ந்தது. பதிவேட்டில் இல்லாதவர் யாராவது இரக்கப்பட்டுக் கொடுப்பார்களா என்று காத்திருந்தார்.

கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குச் சங்கப் பாடம் நடத்துகிறாயா என்று கேட்பீர்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் பழையது. 1950-இல் ‘சின்னமூல்’ என்ற வங்கப் படத்தை எடுத்த நிமாய் கோஷ் பிறகு சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராக வாழ்ந்தார். 1960-இல் அவர் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசை எம்.பி. சீனிவாசன். சென்னைத் திரைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் முன்னின்றவர்களில் இந்த இருவரும் உண்டு. பாட்டின் பின்னால் வயலினும் தபேலாவும் வாசிக்கிறவனும் தொழிலாளிதான், அவனுக்கும் நேரக் கணக்கும் கூலிக் கணக்கும் வேண்டும் என்று நின்றவர் எம்.பி.எஸ். அந்தக் கணக்கைத்தான் இன்று நாகசுரக்காரர் வீட்டிலும் பறையடிப்பவர் வீட்டிலும் தேடுகிறேன்.

முதலில் இந்த ஊர்க் கதையைச் சொல்கிறேன்.

துர்கா பூஜைக்கு டாக் முழங்காமல் முடியாது. தோளில் மாட்டி இரண்டு குச்சிகளால் அடிக்கும் பெரிய மேளம் அது. அடிப்பவரை டாக்கி என்பார்கள். கூடவே ஒரு பையன் வெண்கலத் தாளம் தட்டுவான், பெரும்பாலும் சொந்த மகன். முர்ஷிதாபாத், பீர்பூம், பாங்குரா, நதியா மாவட்டங்களின் கிராமங்களில் விவசாயக் கூலி வேலை பார்க்கும் இவர்கள், பூஜைக்கு முன்பு ரயிலேறிச் சியால்தா நிலையத்துக்கு வந்து இறங்குவார்கள். நிலைய வாசலிலேயே மேளம் கொட்டிக் காட்டுவார்கள். பூஜைக் குழுக்காரர்கள் வந்து கேட்பார்கள், பேரம் பேசுவார்கள், பிடித்தவரை அழைத்துப் போவார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்காது. இந்த ஐந்து நாள் வருமானத்தை நம்பித்தான் பல வீடுகளில் கடன் வாங்கியிருப்பார்கள். மதுரைப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் திருவிழாவுக்கு ‘செட்’ பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பெரும்பாலான டாக்கிகள் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

2020-இல் பூஜை அக்டோபர் 22-ஆம் தேதி தொடங்கியது. மேற்கு வங்கத்தில் புறநகர் ரயில்கள் மீண்டும் ஓடியது நவம்பர் 11-இல். அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் மே மாதம் நிறுத்தப்பட்ட ரயில்கள் அக்டோபர் 31-இல் திரும்பின. பூஜை அதற்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துபோயிருந்தது. ஆக, இரண்டு பூஜைகளும் வழக்கமான உள்ளூர் ரயில் இல்லாமல் கழிந்தன. பேருந்திலோ வாடகை வண்டியிலோ வர வேண்டுமென்றால், கிடைக்கப்போகும் கூலியில் பாதி வண்டிக்கே போகும். அப்போது ரயில்வேயிடம் போய், மேளக்காரர்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு வண்டி விடுங்கள், ஆள் பட்டியல் இதோ என்று நீட்ட ஓர் அமைப்பு வேண்டும். பட்டியல் கையில் இருப்பவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

அதே 2020-இல் மாநில அரசு ஏறக்குறைய 37,000 பூஜைக் குழுக்களுக்குத் தலைக்கு 50,000 ரூபாய் அறிவித்தது. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் போனது. அந்தப் பணத்தில் 75 விழுக்காட்டை முகக்கவசத்துக்கும் கிருமிநாசினிக்கும், மீதி 25 விழுக்காட்டைக் காவல்துறை-பொதுமக்கள் நல்லுறவுக்கும் செலவிட வேண்டும் என்றது நீதிமன்றம். கூட்டிப் பாருங்கள், நூறு வந்துவிட்டது. மேளக்காரர் கூலிக்கு அதில் ஒரு ரூபாய்க்கும் இடமில்லை.

அக்டோபர் 19-இல் அதே நீதிமன்றம் பந்தல்களுக்குள் பொதுமக்கள் நுழையக் கூடாது என்றது. பூஜைக் குழுக்களுக்கு ‘ஃபோரம் ஃபார் துர்கோத்சப்’ என்று ஒரு கூட்டமைப்பு உண்டு. அது உடனே மறுபரிசீலனை மனுவோடு போனது. இரண்டு நாளில் கிடைத்த தளர்வில், பந்தலுக்கு வெளியே தடுப்பு எல்லைக்குள் டாக்கிகள் இருக்கலாம் என்பதும் ஒன்று. வேலை கொடுப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்ததால் வேலை செய்பவருக்கு வாசலில் நிற்க இடம் கிடைத்தது. கூலி எவ்வளவு, காய்ச்சல் வந்தால் செலவு யாருடையது, ஊர் திரும்ப வண்டிச் செலவு உண்டா என்பதையெல்லாம் முதலாளிகளின் மனு ஏன் கேட்கப்போகிறது? அதைக் கேட்பது உங்களைப் போன்றவர்களின் வேலை.

கல்லூரித் தெருவிலிருந்து மேற்கே மகாத்மா காந்தி சாலையில் நடந்தால் வரிசையாகப் பேண்டுக் கடைகள். மெஹபூப் பேண்டு போன்ற பழைய பெயர்கள், கண்ணாடி அலமாரியில் டிரம்பெட், ஜரிகை வைத்த சிவப்புச் சட்டைகள். வாசிப்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் கல்யாண சீசனுக்கு வருபவர்கள். கடை முதலாளியிடம் முன்பணம் வாங்கி, சீசன் முழுக்க வாசித்து அதைக் கழிக்கும் பழக்கம் இத்தொழிலில் வெகுநாளாக உண்டு. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி வந்தபோது முதலில் கழித்துவிடப்பட்டவர்கள் ஊர்வலத்தில் வரும் இவர்கள்தான். மாப்பிள்ளை வீட்டார் ஐம்பது பேரில் பேண்டுக்காரர் பதினைந்து பேரை எப்படிச் சேர்ப்பார்கள்? கல்யாணம் நின்றால் முதலாளியின் வருமானம் நிற்கும். வாசிப்பவருக்கு வருமானம் நின்ற பிறகும் வாங்கிய முன்பணம் கடனாகத் தொடரும். பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் இரவு இரவாகப் பாடுகிறவர்கள் நிலையும் இதில் பெரிதாக மாறுபட்டதில்லை. சென்னையில் பாடத் தொடங்கி 1969-இல் அங்குள்ள டிரிங்காஸ் உணவகத்துக்கு வந்து புகழ்பெற்ற நம் உஷா உதூப்பின் பெயரால் அந்தத் தெருவைத் தமிழர்கள் அறிவார்கள். பக்கத்தில் கிதாரும் டிரம்ஸும் வாசித்தவர்கள் எத்தனை பேரை அறிவோம்?

நம் பக்கம் நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி என்று முகூர்த்தமும் கொடையும் திருவிழாவும் குவியும் மாதங்களின் வாசலில் வந்து விழுந்தது 2020 ஊரடங்கு. மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தை மக்கள் இணையத்தில் பார்த்தார்கள். கள்ளழகர் ஆற்றில் இறங்கவில்லை. 2021 மே மாதம் மறுபடியும் அதே பூட்டு. ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை மூன்று மாதத்தில் சேர்க்கும் தொழிலுக்கு இரண்டு சீசன் போயிற்று. கோயிலில் ஊழியராக இருக்கும் நாகசுரக்காரருக்கு மாதச் சம்பளம் உண்டு. முகூர்த்தத்தை நம்பியவருக்கு அது இல்லை.

இரண்டு மாநிலங்களிலும் அரசுத் திட்டம் இல்லாமல் இல்லை. மேற்கு வங்கத்தில் 2014 முதல் ‘லோக் பிரசார் பிரகல்பா’ என்ற திட்டத்தில் பதிவு செய்த நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. 2020-இல் வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. தொகை போதாது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, பதிவு செய்தவர் என்ற சொல்லுக்குள் யார் யார் வருகிறார்கள் என்பது. குழுத்தலைவர் வருகிறார். ஒத்து ஊதுபவர், தாளம் போடுபவர், பம்பைக்காரர், செட்டோடு வரும் ஆட்டக்காரப் பெண்கள், தகப்பனோடு வரும் பையன் வருகிறார்களா? விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதவருக்கு நிரப்பிக் கொடுத்து, அலைய முடியாதவருக்காக அலைந்து, புதுப்பிக்க மறந்தவருக்கு நினைவூட்ட வேண்டியது சங்கம். ஓர் அரசு அலுவலகம் அதைத் தானாகச் செய்யாது.

2025 பத்மஸ்ரீ பட்டியலில் வங்கத்து டாக்கி கோகுல் சந்திர தாஸின் பெயரும் நம் பறையிசை ஆசான் வேலுவின் பெயரும் சேர்ந்தே வந்தன. கோகுல் தாஸ் பெண்களுக்கு டாக் கற்றுக் கொடுத்து அவர்களை மேடையேற்றியவர். இரண்டு மேளங்களுக்கும் ஒரே ஆண்டில் கிடைத்த மரியாதை பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் விருது ஒருவருக்கு வரும். பின்னால் நிற்கும் ஆயிரம் பேருக்குச் சங்கம்தான் வர வேண்டும்.

கொள்ளைநோய்க் காலத்தில் சங்கத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு, அது கசப்பானது. சில சமயம் வாசிக்காதே என்று சொல்ல வேண்டும். 2020 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு சேர்ந்திசைக் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். 53 பேருக்கு நோய் தொற்றியது, இருவர் இறந்தனர். பாடுவதும் ஊதுவதும் மூச்சை வாரி இறைக்கும் வேலை. முகக்கவசம் போட்டுக்கொண்டு நாகசுரம் ஊத முடியாது. பசியோடு இருக்கும் தனி ஆள், மூடிய மண்டபத்தில் ஊதக் கூப்பிட்டால் போகத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. ‘எங்கள் ஆட்கள் திறந்த வெளியில்தான் வாசிப்பார்கள், இத்தனை அடி தள்ளித்தான் நிற்பார்கள், காய்ச்சல் கண்டவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும்’ என்று சொல்லும் தெம்பு கூட்டாக நிற்பவர்களுக்கே வரும். கூலியையும் நுரையீரலையும் சேர்த்துப் பேசாத சங்கம் பாதிச் சங்கம்.

வெளிநாட்டில் என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். பிரிட்டனின் இசைக் கலைஞர் சங்கம் 1893-இல் தோன்றியது. 2020 மார்ச்சிலேயே 10 லட்சம் பவுண்டு இடர்நிதி ஒன்றை அது அறிவித்தது. தலைக்கு 200 பவுண்டுதான் என்றாலும், விண்ணப்பித்த உறுப்பினரை அதற்கு உடனே தெரிந்தது. சந்தாப் பதிவேடு இருந்ததே. அத்தோடு நிற்காமல் உறுப்பினர்களிடம் கணக்கெடுத்தது. அரசு அறிவித்த உதவித் திட்டங்கள் எதிலும் சேர முடியாத கலைஞர்கள் 38 விழுக்காடு என்று எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அரசிடம் வாதாடியது. கஷ்டப்படுகிறோம் ஐயா என்பதற்கும், நூற்றில் 38 பேர் உங்கள் கணக்கில் விட்டுப்போயிருக்கிறோம் என்பதற்கும் அதிகாரியின் மேசையில் மதிப்பு வேறு. எல்லாச் சங்கமும் வென்றது என்று சொல்ல மாட்டேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவின் வாத்தியக் கலைஞர்கள் வலுவான சங்கத்தில் இருந்தும் 2020 ஏப்ரலிலிருந்து ஏறக்குறைய ஓர் ஆண்டு சம்பளமின்றி இருந்தார்கள். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது, பிறகு இடைக்காலத் தொகையை அங்கிருந்துதான் வாங்கினார்கள்.

அதே அமெரிக்கச் சங்கத்தின் பழைய சண்டை ஒன்று உங்களுக்கு உதவும். இசைத்தட்டு ஓடினால் வாத்தியக்காரருக்கு வேலை போகிறது என்று 1942 ஆகஸ்டு 1 முதல் ஒலிப்பதிவுக்கே வர மறுத்தார்கள்; அப்போது சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. 1944 நவம்பரில் பெரிய நிறுவனங்களும் இறங்கி வந்து, விற்கும் தட்டுக்கு இவ்வளவு என்று ஒரு நிதிக்குக் கொடுக்கச் சம்மதித்தன. அந்த நிதியிலிருந்து கலைஞர்களுக்கு நேரடிக் கச்சேரி வாய்ப்பு கிடைத்தது. ஊரடங்கில் நம் திருவிழாக்களும் கச்சேரிகளும் இணையத்துக்குப் போயின. 2020 டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமியின் விழாவே இணைய வழியில்தான். ஒருமுறை ஒளிபரப்பியது திரும்பத் திரும்ப ஓடுகிறது. வாசித்தவருக்கு ஒருமுறைதான் கூலி. நிகழ்த்துபவரின் உரிமைக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது, 2012 திருத்தம் அதை வலுப்படுத்தவும் செய்தது. கல்யாண வீடியோ முதல் கோயில் நேரலை வரை இந்தப் பேச்சை எடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இனி என் வேண்டுகோள்கள்.

பதிவேட்டைத் தொடங்குங்கள். தலைவரில் தொடங்கித் தாளம் போடும் பையன் வரை, ஊர், வாத்தியம், தொலைபேசி, வங்கிக் கணக்கு, வாரிசு பெயர். ஆண்டுக்கொரு முறை புதுப்பியுங்கள். வாரியப் பதிவும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் இல்லாதவர் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டு, அதை முடித்துக் கொடுப்பதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

அச்சாரத்தை எழுத்தில் வாங்குங்கள். தாம்பூலம் மாற்றிக்கொண்ட வாய்ப்பேச்சு நல்ல மரபுதான். அதோடு ஒரு பக்கத் தாளும் இருக்கட்டும். நிகழ்ச்சி நின்றால் பேசிய தொகையில் எவ்வளவு தர வேண்டும், தேதி தள்ளிப்போனால் அதே குழுதான் என்பது, குழுவில் ஒவ்வொருவருக்கும் பங்கு எவ்வளவு என்பது அதில் இருக்கட்டும். எல்லாச் சங்கங்களும் ஒரே மாதிரித் தாளைக் கேட்டால், விழாக் கமிட்டி வேறு குழுவைத் தேடிப் போகாது.

நிதி சேருங்கள். தொற்றுக் காலத்தில் நடைமுறையில் இருந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே, நோய்க்கும் முதுமைக்கும் வேலையின்மைக்கும் உறுப்பினருக்குச் சங்க நிதியிலிருந்து உதவலாம் என்றது. சீசனில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு சிறு தொகை, தனிக் கணக்கு, ஆண்டுக்கொரு முறை எல்லாருக்கும் முன்னால் வரவு செலவு வாசிப்பு. குளம் மழைக்கு முன்புதான் தூர் வாரப்படும்; மழை கொட்டும்போது மண்வெட்டி எடுத்துப் பயனில்லை.

ஒன்றாக நில்லுங்கள். இதைச் சொல்லத்தான் தயக்கம், ஆனாலும் சொல்கிறேன். நம் ஊரில் சங்கங்களுக்குக் குறைவில்லை. வாத்தியத்துக்கு ஒன்று, சாதிக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. ஊரடங்கில் அரிசிப் பை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் பலர். பசித்தவனுக்கு அரிசி கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன், அது புண்ணியம். புண்ணியம் செய்யக் கோயிலும் வணிகரும் நடிகர்களும் இருக்கிறார்கள். நிகழ்ச்சி நின்றதற்கு ஈடு கேட்பதையும், வாசிப்பதற்குப் பாதுகாப்புக் கேட்பதையும், விட்டுப்போனவர் கணக்கை எடுப்பதையும் உங்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். தவில்காரரும் பறைக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால் மாவட்ட ஆட்சியர் எழுந்து நின்று வாங்குவார்.

கலைஞர்கள் மற்றவர்களுக்காகக் கையேந்தத் தயங்கியதே இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் இப்டா என்ற மக்கள் நாடக மன்றத்தின் பாட்டுக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடி நிவாரணம் திரட்டின. புயலுக்கும் வெள்ளத்துக்கும் கலை நிகழ்ச்சி நடத்தி நிதி கொடுத்தவர்கள் நீங்களும்தான். தங்களுக்காகக் கேட்கும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. அது உரிமை, தாழ வேண்டியதில்லை.

இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-இல் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் ஆலைத் தொழிலாளர்களோடு நின்று கட்டியது. அதே ஆண்டு இன்ஃப்ளூயன்ஸா வந்து இந்தியாவில் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடுத்த கொள்ளைநோய் எந்த ஆண்டு என்று யாரும் தேதி குறித்துத் தரப்போவதில்லை. தை பிறந்தால் கொடைகளும் முகூர்த்தங்களும் தொடங்கிவிடும், பிறகு உங்களில் யாருக்கும் நேரம் இருக்காது. அதற்குள் ஒரு நாள் கூடுங்கள். ஒரு நோட்டை எடுத்து, உங்கள் பகுதியில் வாசிக்கும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். முதல் பெயராகத் தலைவரை எழுத வேண்டாம், ஒத்து ஊதுபவரை எழுதுங்கள்.

தோழமையுடன்,
கொல்கத்தாவில் வாழும் தமிழ் ரசிகன் ஒருவன்